குருவியின் அடுத்த புகார்

"ஏங்க, சமையலறைக் குழாய் ஒழுகுது. மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"இரும்மா, குருவி காத்துக்கிட்டிருக்காரு" என்றான் கணவன், கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

இருவருக்குமே மென்பொருள்தான் தொழில். அவன் எழுதி, இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்த டேட்டாபேஸ் லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் ஆப்களில் தகவல் சேமிக்கச் சேர்த்துக்கொள்ளும் நிரல், புதிதாக வந்த மொபைல் சிஸ்டத்திலும் ஓட வேண்டும் என்று 'குருவி' என்ற புனைபெயரில் யாரோ கேட்டிருந்தார்.

"முகம் தெரியாத ஆளுக்கா இவ்வளவு உழைப்பு?"

"அவர் புகார் எழுதுற அழகே தனி! புரோகிராம் எங்க நிக்குது, எதனால நிக்குதுன்னு புட்டுப் புட்டு வைக்கிறாரு."

அன்று மாலை கடைசிச் சோதனையிலும் லைப்ரரி தேறியது. துள்ளிக் குதித்துப் புதுப் பதிப்பை வெளியிட்டான். ஐந்தே நிமிடத்தில் குருவியின் பதில் வந்தது.

'அருமை! புது போனில் என் ஆப் ஜோராக ஓடுகிறது. அடுத்த புகார்: சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிழையைக் காணும் வழி: எழுந்து வந்து பார்க்கவும்.'

விழுந்தடித்து ஓடினான். புது போனும் கையுமாக மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, நீயா!"

"என்னங்க பண்றது? எழுதிப் போட்டாத்தானே உங்களுக்குக் காது கேக்குது!"