அரை பன்

மூளைக்காய்ச்சல் கண்ட பதினோரு நாளும் சூசைராஜ் ஆஸ்பத்திரியில் கொடுத்த பன்னில் பாதியைப் பிய்த்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தார். "யாரும் பாக்குறதுக்குள்ள தின்னுடு" என்று மனைவி ஜெசிந்தாவிடம் கிசுகிசுத்தார். பத்தொன்பது வருடத்தில் சாப்பிட்டாயா என்று ஒருநாள்கூடக் கேட்காத மனிதர்.

இன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது.

"மத்த இடமா இருந்தா, வைரஸ் புகுந்த செல்லையே உடம்பு கொன்னுடும்மா. மூளை செல்லு செத்தா திரும்ப முளைக்காது. அதனால அங்க மட்டும் கொல்லாம, ஒரு ரசாயனத்த விட்டுச் சேதி சொல்லும். செல்லு வைரஸ ஒழிச்சுட்டுத் தானும் பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர். "பழைய ஆளு அப்படியே திரும்பிட்டாரு."

"அப்ப பன்னு எடுத்து வெச்சது யாரு டாக்டர்?"

வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டில் எழுதிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? பைய எடு" என்று அதட்டிவிட்டுச் சூசைராஜ் கழிவறைக்குப் போனார்.

படுக்கையை ஒழுங்குபடுத்தத் தலையணையைத் தூக்கினாள். அரை பன் இருந்தது. நேற்று அவள் எடுக்க மறந்ததா, இன்று அவர் வைத்ததா? பழையதென்றால் காய்ந்திருக்கும், விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும்.

கழிவறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அழுத்திப் பார்க்காமலே அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.