சுருவத் தட்டில் இத்தாலிக்காரி

"இஞ்சேருங்கோ, அந்தப் புனிதைக்கு முன்னாலை ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ. பாதர் வாற நேரமாச்சு!"

குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த எமில்டாவின் குரல் கேட்டு இக்னேசியஸ் எழும்பினார். தீப்பெட்டியும் கையுமாக, புனிதர் சிலைகள் வைத்த சுருவத் தட்டை அண்ணாந்து பார்த்தார்.

மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவே, புத்தம்புதுப் பிரேமுக்குள் அவள் படுத்திருந்தாள். வெளிறிய முகம். மூடிய கண்கள். கண்ணாடிப் பிரேதப் பெட்டி. சுற்றிவர மெழுகுதிரிகள். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பல் நீண்டிருக்கிறதா என்று உற்றுப் பார்க்க இக்னேசியஸுக்குத் துணிவில்லை.

ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம் இந்த வீட்டை விற்றுவிட்டுப் போன இத்தாலிக்காரக் கிழவர், வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் ஒரு பெட்டியை மறந்து விட்டிருந்தார். இக்னேசியஸ் திறந்து பார்த்தால், எழுபதுகளில் வந்த இத்தாலிச் சித்திரக்கதைப் புத்தகங்கள்! இடிந்த கோட்டைகள், கல்லறைகள், ரத்தம் குடிக்கும் சீமாட்டிகள். சீமாட்டிகளுக்குக் கோட்டை இருந்த அளவுக்கு உடுப்பு இருக்கவில்லை. அவருக்கு இத்தாலி மொழி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

"உது என்ன பெட்டி?" என்று அன்று எமில்டா கேட்டபோது, "பழைய கோயில் புத்தகங்கள். குப்பையிலை போட்டால் பாவம்" என்று சொல்லி, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

போன கிழமை வேலையால் வந்து பார்த்தால், தட்டில் இவள்!

"உது எங்காலை, எமில்டா?"

"இத்தாலிப் படம். நல்ல வடிவு, என்ன?"

போச்சு! கோயில் புத்தகம் என்று நம்பிப் பெட்டியைக் கிண்டியிருக்கிறாள். அட்டையில் கிடந்த காட்டேரியைப் புனிதை என்று நினைத்துப் பிரேம் போட்டிருக்கிறாள். அதற்குமேல் கேட்டால் தன் பொய் வெளிப்பட்டுவிடும். அன்று தொடக்கம் பின்னேரங்களில் அந்தக் காட்டேரிக்கு முன்னால் முழங்காலில் நின்று செபமாலை சொல்லிவருகிறார்.

இன்றைக்கு வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிற பாதர் லொரென்சோவோ அசல் இத்தாலிக்காரர். கண்ட உடனே பிடித்துவிடுவார். கோயில் கமிற்றியில் இக்னேசியஸைச் சேர்ப்பதாகப் பேச்சு நடக்கிற நேரம் இது. ஸ்காபரோ முழுக்கச் சிரிக்கும்.

"எமில்டா, உந்தப் படத்தைக் கழட்டுவமே?"

"உங்களுக்கென்ன விசரே? பாதர் வந்தவுடனை அதைத்தான் பாப்பார்."

"அதுதானப்பா பிரச்சினை!"

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. இக்னேசியஸ் குசினிக்குள் ஓடினார்.

"எமில்டா, உது புனிதை இல்லை. பேய்!"

எண்ணெய்க்கு மேலே அகப்பை அப்படியே நின்றது. "என்ன?"

"ரத்தம் குடிக்கிற பேய். கீழை பெட்டியிலை கிடக்கிறது கோயில் புத்தகமில்லை. முழுக்கப் பேய்க்கதை. அதுவும் பெரியாக்கள் பாக்கிற பேய்க்கதை. அதிலை வாற பொம்பிளையள் பனிக்குள்ளையும் உடுப்பில்லாமல் திரியிறவை. நான் அண்டைக்கே எறிஞ்சிருக்கவேணும். ஒண்டிரண்டைப் பாத்திட்டு… சரி, எல்லாத்தையும் பாத்தனான்."

"எல்லாத்தையுமோ?"

"சிலதை ரண்டு தரம்."

மணி அடித்தது. எமில்டா அடுப்பை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். இக்னேசியஸ் தண்டனைக்கு நிற்பவர் போலப் பின்னால் போய் நின்றார்.

உள்ளே வந்த பாதரின் கண் நேரே சுருவத் தட்டுக்குத்தான் போனது. மறுகணம் அவர் முகமெல்லாம் மலர, அப்படியே முழங்காலில் விழுந்தார்.

"எமில்டா, நான் தந்த படத்துக்கு அதற்குள் பிரேமும் போட்டாயிற்றா!" என்றார் ஆங்கிலத்தில். "இவர் எங்கள் ஊர்ப் புனிதை. இன்றும் அழியாத உடலோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். என் அம்மாவுக்கு வைத்ததும் இவருடைய பெயர்தான்!"

இக்னேசியஸின் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

எமில்டா கணவனைத் திரும்பிப் பார்த்து, மிக இனிமையாகச் சிரித்தாள்.

"பாதர், மேல்மாடியைப் பிறகு மந்திரிக்கலாம். முதலில் பேஸ்மென்ருக்கு வாருங்கள். அங்கே ஃபேர்னஸுக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறையப் பேய் இருக்கிறதாம்!"