மஞ்சள் புள்ளி

"முகத்தை மூடிக்கிட்டு வர்றவன் யாரு, சொல்லும்மா பாப்போம்."

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் ஓங்கி அறைந்தார் ஸ்பேனர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கும் குணத்துக்காகத் தெருவே கூடி வைத்த பெயர் இது.

கவுன்டர் பெண் புன்னகை மாறாமல், "புரியலையே சார்," என்றாள்.

"திருடன்மா. திருடன்தான் முகத்தை மூடிக்குவான். என் இன்ஜினுக்கு எதுக்கு முகமூடி?"

விஷயம் இதுதான். கருகல் வாடை வருகிறது என்று சனிக்கிழமை வண்டியை இங்கே விட்டுப் போனார். வாடை போய்விட்டது. ஆனால் பானெட்டைத் திறந்தால் இன்ஜினையும் காணோம். அதன் மேல் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கவர். வண்டி வாங்கிய அன்றே இதே மாதிரி ஒன்றைக் கழற்றிக் குப்பையில் போட்டவர் அவர். இந்தக் கவரில் நட்சத்திர ஓட்டை போட்ட ஸ்க்ரூ வேறு. அவர் டூல்ஸ் பெட்டியில் இருக்கும் நாற்பத்தோரு சாமான்களில் ஒன்றுகூட அதில் நுழையவில்லை. எரிச்சலே அதில்தான்.

கவுன்டர் பெண் ஒப்பிக்க ஆரம்பித்தாள். "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் இருக்கு சார். சத்தம் குறையும், தூசி படியாது, பார்க்கறதுக்கு நீட்டா இருக்கும்..."

"சத்தம் கொறையுஉம், தூசி படியாஆது," என்று அதே குழைவில் இழுத்துக் காட்டினார் ஸ்பேனர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "நீட்டா இருந்து அது என்ன போட்டோவா எடுத்துக்கப் போகுது? மாட்டினவனைக் கூப்பிடு."

கைக்குழந்தையோடு நின்ற மகள் அவர் சட்டையை இழுத்தாள். "போதும்ப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மூடி மறைக்கறது என் ரத்தத்துலயே கிடையாது."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்பது வயதிருக்கும். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் போல, கேட்டதற்கு மட்டும் பதில்.

"என்ன கோளாறுன்னு பில்லுல ஏன் எழுதல?"

"சின்னதுதான் சார்."

"இந்தக் கவர்?"

"சும்மா கிடந்தது. நான்தான் போட்டேன். காசு வாங்கலையே சார்."

"தானமா வந்த மாடா இருந்தாலும் நான் பல்லைப் பிடிச்சுப் பாப்பேன். கழட்டு."

"உள்ள வாங்க சார், தனியா சொல்றேன்."

"கேட்டீங்களா, தனியாவாம். இங்கயே திற. எல்லார் முன்னாடியும் திற."

மகள் பல்லைக் கடித்தாள். "போன மாசம் வீல் நட்டை முறுக்காம விட்டது யாருப்பா? சனிக்கிழமை இவர் முன்னாடியேதான் சொன்னேன். இன்னொரு தடவை உங்க கைவேலையால ஏதாவது ஆச்சு, நானும் பாப்பாவும் இந்த வண்டியில ஏறமாட்டோம்."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு வண்டியிடம் போய் ஸ்க்ரூக்களைத் திருகிக் கவரைத் தூக்கினார்.

இன்ஜின் தலை முழுக்க எண்ணெய் வழிந்து, காய்ந்து, துடைத்தும் போகாமல் கருகித் திட்டுத்திட்டாக நின்றது.

"அடப்பாவி, எண்ணெயில குளிப்பாட்டி வெச்சிருக்கியே. சரி, ஆயில் மூடி ஏன் புதுசா இருக்கு? என் மூடி எங்கே? அதுல மஞ்சள் பெயின்ட்ல ஒரு புள்ளி வெச்சிருப்பேன். உன்னை மாதிரி ஆளுங்க மாத்திடக் கூடாதுன்னு."

"கடைசியா ஆயில் பாத்தது யாரு சார்?"

"நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேற எவனை நம்பறது?"

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் மகள். "மறுநாள்தானே வாடை வந்துச்சு. அப்பா, நீங்க மூடியைத் திரும்ப மாட்டாம..."

"நான்தாம்மா தொலைச்சேன்," என்று மெக்கானிக் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "மூடி கை தவறி எங்கயோ போயிடுச்சு. ஆயிலும் நான் கொட்டினதுதான். அதை மறைக்கத்தான் கவர் போட்டேன். என் தப்பு சார்."

ஸ்பேனர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வந்துச்சா வெளியில? இதுக்குத்தான் எல்லா வண்டிக்கும் கவர் போடறாங்க. எங்கே மேனேஜர்? இவனை வெச்சுக்கிட்டு நீங்க கடை நடத்தினா, நான் வாசல்லயே உக்காருவேன்."

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். ஸ்பேனரிடம், "மன்னிச்சுக்கணும் சார், மன்னிச்சுக்கணும்," என்று தேனாகக் குழைந்தார். மெக்கானிக்கிடம் திரும்பியதும் குரல் தகரமானது. "யூனிஃபார்மைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு. நாளைலேர்ந்து வராதே."

மெக்கானிக் நட்சத்திர ஸ்க்ரூடிரைவரைக் கவுன்டரில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வீடு வரும்வரை ஸ்பேனரின் வாய் ஓயவில்லை. வாசலில் இறங்கியபோது மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"ஸாரிப்பா. ஒரு நிமிஷம் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். நாளைக்குப் பாப்பாவுக்குத் தடுப்பூசி. நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

பெருமையில் ஸ்பேனருக்குச் சட்டை இரண்டு அளவு சிறிதாகிவிட்டது. குழந்தை ஏறுகிற வண்டி, தானே ஒரு தடவை ஆயில் பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார். வெள்ளிக்கிழமை சுருட்டிப் போட்ட பழைய துணியை எடுத்து உதறினார்.

டொக் என்று ஏதோ தரையில் விழுந்து, உருண்டு, அவர் செருப்பில் முட்டி நின்றது.

கறுப்பாக ஒரு ஆயில் மூடி. நடுவில் மஞ்சள் புள்ளி.

"என்னப்பா விழுந்துச்சு?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

சட்டைப் பையில் சர்வீஸ் சென்டர் பில் இருந்தது. பில்லில் போன் நம்பர் இருந்தது. கடை சாத்த இன்னும் ஒரு மணி நேரமும் இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் ஸ்பேனர். மூடியைத் துணியில் சுற்றி, நாற்பத்தோரு சாமான்களுக்கும் அடியில் திணித்து, பெட்டியை இறுக்கிச் சாத்தினார்.