வெறும் தண்ணி

படகுத்துறை பெட்ரோல் பங்க்கின் பின்சுவரோரம் மண்டியிட்டு, நிலத்தடி நீரைச் சோதிக்கவென்றே பூமியில் இறக்கியிருக்கும் குழாயின் பூட்டைத் திறக்கிறாள் நீர்ப் பரிசோதனைக்காரி. பங்க் முதலாளியின் நிழல் அவள் கைமேல் விழுந்து நகராமல் கிடக்கிறது. நிழலுக்கும் அவர் திமிர்தான். உதட்டில் பற்றவைக்காத சிகரெட். லைட்டர் மூடியை டக், டக்கென்று திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார். "மூணாவது தடவை வர்றீங்க. எங்க குடியைக் கெடுக்காம தூக்கம் வராதோ?" யார் குடி கெடுகிறது? பின்தெருவே இந்த நிலத்தடி ஊற்றைத்தான் கிணற்றில் இறைத்துக் குடிக்கிறது. வாயைக் கொடுத்தால் வேலை கெடுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடிக் குழல் கட்டிய கயிற்றைக் குழாய்க்குள் இறக்குகிறாள். மேலே வரும் குழலில், தண்ணீரின் தலைமேல் விரற்கடை உயரத்துக்குத் தேன்நிறத்தில் ஒன்று மிதந்து ஆடுகிறது. வெயில் பட்டதும் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கிறது. "அது படகு வாடைம்மா. உள்ள இருக்கிறது வெறும் தண்ணி. அப்படியே எழுதிக்கிட்டுக் கிளம்புங்க." டக். டக். அவள் எழுந்து, குழலை அவர் மார்புக்கு நேரே நீட்டுகிறாள். "வெறும் தண்ணிதானே சார்? சிகரெட்டை இங்கயே பத்த வைங்க." சுவருக்கு அப்பால் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. லைட்டரின் மூடி திறந்தே நிற்கிறது. கட்டைவிரல்தான் இறங்க மறுக்கிறது.