ஆறாவது கப்பல்

மூழ்கும் கப்பலுக்காக மற்றொரு கப்பல் நிற்கக் கூடாது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் பாணேரில் கௌஷிக்கின் வீட்டு மேசையில் ஞாயிறுதோறும் இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக் கடற்போரை விளையாட்டாக ஆடும் அனைவரும் அதற்குப் பணிகிறார்கள். நிற்கும் கப்பல் அடுத்த சுற்றில் அடிபடும். நீலத் துணியின்மேல் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஆறு சரக்குக் கப்பல்கள் கரை சேர்ந்தால் வெற்றி; ஸ்டெல்லாவிடம் ஏழு இருக்கின்றன, கரையோ ஒரு கட்டத்துக்கு அப்பால். மூன்று ஆண்டுகளாக அவள் கைநழுவிய பித்தளைக் கோப்பை ஜன்னலோரம் மின்னுகிறது. ஓநாய்க் கூட்டமாய் வளைத்திருக்கும் கறுப்பு ஜெர்மானிய நீர்மூழ்கிகளுள் ஒன்றை நகர்த்தி, கௌஷிக் பகடையை உருட்டுகிறான். அவள் வரிசையின் கடைசிக் கப்பல் கவிழ்கிறது. அதிலிருந்து கடலில் விழுந்தவர்களுக்கு அடையாளமாக ஒரு வெள்ளைப் பொத்தானை வைக்கிறான்.

“அத விடு தோஸ்த், இன்னும் ஆறு இருக்கே. சலோ, கரையேத்து. கப் ஒனக்குத்தான்.”

ஸ்டெல்லா பொத்தானையே பார்க்கிறாள். தூத்துக்குடியிலிருந்து போய்ச் சரக்குக் கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட அவளுடைய பூட்டன் இருதயராஜும் நிஜப் போரில் கப்பல் மூழ்கி, அந்தக் கடலில் இப்படித்தான் மிதந்தார். ஒரு கப்பல் அவருக்காக நின்றது. அவள் ஆறாவது கப்பலை மெல்லத் திருப்புகிறாள்.

“லூசா நீ? தோத்துருவ!”

“தோத்தா தோக்கேன். எங்க பூட்டனுக்கு ஒருத்தன் நின்னாம்லா? நானும் நிக்கேன்.”

நிமிர்ந்த தலையோடு, கப்பலைப் பொத்தானுக்கு அருகில் நிறுத்துகிறாள்.