சாட்சி சொல்ல வந்தவள்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மா. இந்தப் பக்கம், இந்திய எல்லைச் சந்தையில் இட்லிக்கடை வைத்திருந்த பூமயிலைக் காலையிலேயே சோதனைச் சாவடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அடையாளக் காகிதம் எதுவும் இல்லாத ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"தன்னைத் தமிழன் என்கிறான். பேசிப் பார்த்துச் சொல். இல்லையென்றால் ஆற்றைத் தாண்டி அனுப்பிவிடுவோம்," என்றார் அதிகாரி இந்தியில்.

பூமயில் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊருப்பா?"

"இங்கதான்க்கா பொறந்தேன்."

தமிழ் சரிதான், இழுப்புதான் வேறு. கடைக்கு வரும் மலைக்காரப் பெண்கள்கூட இவ்வளவு தமிழ் பேசுவார்கள்.

"தாய்மாமன் பேரு?"

"தெரியாதுக்கா. கலவரத்துல அந்தப் பக்கம் தூக்கிட்டு ஓடுறப்ப நான் கைப்புள்ள."

புளுகுகிறவன் என்றால் ஒரு பெயரைத் தயாராக வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும், "நம்மாளுதான்," என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

"சரி, உன் காகிதம் எங்கே?"

"போன வருசம் பழைய கடையோட எரிஞ்சு போச்சுங்க."

"அப்படியானால் உனக்கு யார் சாட்சி?"

அறையில் வேறு யாரும் இல்லை. பூமயில் தரையில் இருந்தவனைக் கை காட்டினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். "உங்க தாய்மாமன் பேரு என்னக்கா?" என்று கேட்டான்.