நாப்பத்தோராம் நாள் உருண்டை

எத்தியோப்பியா மலையில, பெக்கோஜி மேட்டுல, தைலமர நெழல் நீண்டு கெடக்கு பாத்துக்கோங்க. மணி மூணு தாண்டியாச்சு, இனிமேதான் நோன்புக்காரங்க வாயில எதையாச்சும் வைக்கலாம். தெனாயே ஓடி முடிச்சு கல்லுல உக்காந்து மூச்சு வாங்குறா, ஷூவெல்லாம் செம்மண்ணு. கடைசி ஏத்தத்துல இன்னைக்கும் பின்தங்கிட்டா. ஞாயித்துக்கெழமை தேர்வு ஓட்டம் வேற. ஈஸ்டர் வரைக்கும் கறி தொடமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டு இன்னையோட நாப்பத்தோரு நாள் ஆச்சு. புருஷன் பெலாச்சு டப்பாவத் தொறக்குறான். கறின்னா உசுர விடுற ஆளு, ஒரு வருஷமும் நோன்பு இருந்ததில்ல. தோசை மாதிரி இருக்குற இன்ஜெராவப் பிச்சு, பருப்ப வெச்சு, பெருசா உருட்டி அவ வாய்கிட்ட நீட்டுறான். ஆசையா ஊட்டுற கையத் தட்டிவிட்டா இங்க அவமானம். "என்னய்யா இம்புட்டுப் பெருசு? உள்ள கறி கிறி ஒளிச்சு வெச்சிருக்கியா?" "சந்தேகமா இருந்தா பிரிச்சுப் பாரு மகராசி." "ரெண்டு துண்டு கறி தின்னா ஏத்தத்துல நீ பறப்பேன்னு போன வாரம் எங்கிட்ட சொன்னது யாரு?" "நாந்தான். கை வலிக்குது, வாயத் தொற." அவன் மொகத்தையே பாக்குறா. பிரிக்கல. ஆன்னு தொறக்குறா. வெறும் பருப்புதான், காரம் சுள்ளுன்னு ஏறுது. மெல்லும்போது எதுத்தாப்புல அவன் பெல்ட்டு கண்ணுல படுது. இளைச்ச இடுப்புக்கு ஆணியால குத்துன புது ஓட்டை, ஒண்ணுக்கு ரெண்டு. "நீயும் நோன்பாய்யா?"ன்னு கேக்கணும். வாய் நெறைய பருப்பு. அதுக்குள்ள அவன் அடுத்த உருண்டைய உருட்டிட்டான்.